மூன்று நார்னியாக்கள்: 1988ஆம் ஆண்டின் பிபிசி தொடரும் அதன் போட்டியாளர்களும்

சி. எஸ். லூயிஸ் 1959ஆம் ஆண்டு டிசம்பரில் பிபிசி தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய தம் கதைகளைத் தொலைக்காட்சியில் எடுப்பதைத் தாம் முற்றாக எதிர்ப்பதாகத் தெரிவித்தார். பேசும் விலங்குகள் எழுத்திலிருந்து இறங்கிக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் கோமாளித்தனமாகவோ கொடுங்கனவாகவோதான் முடியும் என்பது அவர் வாதம். கார்ட்டூன் என்றால் அது வேறு விஷயம் என்று ஒப்புக்கொண்ட அவர், கதையின் தெய்வீகச் சிங்கமான அஸ்லானாக மனிதர் வேடம் கட்டி ஆடுவது தமக்குத் தெய்வ நிந்தனையாகவே படும் என்றார். 1963இல் அவர் இறந்த பிறகு, 1950இல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' நாவல் அவர் ஏற்றுக்கொண்ட வழியிலும் அஞ்சிய வழியிலும் அறிந்தே இராத வழியிலும் படமாகிவிட்டது. 1979இல் பில் மெலண்டெஸ் இயக்கிய அனிமேஷன், 1988இல் பிபிசியின் ஆறு பகுதித் தொடர், 2005இல் ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கிய திரைப்படம் ஆகியவையே அம்மூன்றும். இவற்றில் மிகவும் ஏழ்மையான தயாரிப்பாகத் தெரிவது நடுவில் உள்ளது. நாவலின் உள்ளுயிரை மிகுதியாகக் காப்பாற்றியதும் அதுதான் என்பது என் முடிவு.

அனிமேஷனைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பாகி எம்மி விருதும் பெற்ற படம் அது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் கதையை அடக்குவதற்காக அது இழந்தவை அதிகம். குழந்தைகள் நால்வரும் போர்க்கால லண்டனிலிருந்து கிராமத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்ற பின்னணி அதில் இல்லை; அவர்கள் எழுபதுகளின் உடையில் திரிகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வரும் அத்தியாயமும் நீக்கப்பட்டு, அவர் தரவேண்டிய பரிசுகளை அஸ்லானே தருகிறது. என்றென்றும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் வருவதே இல்லை என்று நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட குறை அந்தத் தாத்தாவின் வருகையால்தான் தீர்கிறது. அவரை எடுத்துவிட்டால் பனி உருகுவது வெறும் வானிலை மாற்றமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே உண்மையான போட்டி பிபிசி தொடருக்கும் 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் இடையில்தான். ஆலன் சீமோர் திரைக்கதை எழுதி மெர்லின் ஃபாக்ஸ் இயக்கிய தொடர், 1988 நவம்பர் 13 முதல் டிசம்பர் 18 வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பானது. பகுதிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் மூன்று மணி நேரத்தை அது நெருங்கியது. திரைப்படமோ 18 கோடி டாலர் செலவில் நியூசிலாந்திலும் செக் குடியரசிலும் எடுக்கப்பட்டு 143 நிமிடங்களில் முடிகிறது. ஒப்பனைக்காக ஆஸ்கர் விருதும் பெற்றது. பணம் பலமடங்கு கூடியிருக்க, நேரம் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

நால்வரில் ஒருவனான எட்மண்ட், நார்னியாவைத் தீராத குளிர்காலத்தில் வைத்திருக்கும் சூனியக்காரியைச் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நாவலில் அவள் முதலில் தன் மந்திரக் கோலை ஓங்குகிறாள். பிறகு மனம் மாறியவளாக அவனைப் பனிச்சறுக்கு வண்டியில் தன் அருகே ஏற்றித் தன் போர்வையால் போர்த்துகிறாள். சிறு குப்பியிலிருந்து ஒரு துளியைப் பனிமேல் விடுகிறாள், ஆவி பறக்கும் பானம் வருகிறது. இன்னொரு துளி, பச்சைப் பட்டு நாடா கட்டிய பெட்டி நிறைய டர்கிஷ் டிலைட் வருகிறது. பிரிட்டனில் இனிப்புகளுக்கான ரேஷன் 1953 பிப்ரவரியில்தான் முழுமையாக நீங்கியது. 1950இல் இந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளைக்கு ஒரு பெட்டி நிறைய மிட்டாய் என்பது மந்திரத்துக்கு நிகரானதே. அவன் மென்றுகொண்டிருக்கும்போதே அவள் கேள்விகளைத் தொடுக்கிறாள்: எத்தனை பேர், யார் யார், நார்னியாவுக்கு முன்பே வந்தவர் யார். வாய் நிறைய இனிப்போடு அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். காட்டிக்கொடுத்தல் இங்கேயே தொடங்கிவிட்டது. அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

பிபிசி தொடர் இந்த உரையாடலுக்கு வேண்டிய அவகாசத்தைத் தருகிறது. சூனியக்காரியாக வரும் பார்பரா கெல்லர்மேன் கோபக் காட்சிகளில் அளவுக்கு மீறிக் கத்துகிறார் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அது நியாயமான குறைதான். ஆயினும் இந்தக் காட்சியில் அந்தக் குரல் அதட்டலிலிருந்து கொஞ்சலுக்குத் தாவும்போது அதன் போலித்தனம் பார்க்கும் குழந்தைக்குப் புரிகிறது, எட்மண்டுக்குப் புரியவில்லை. அந்த இடைவெளியில்தான் பதற்றம் இருக்கிறது. திரைப்படத்தின் டில்டா ஸ்விண்டன் ஒட்டுமொத்தத்தில் மேலான சூனியக்காரி. குரலை உயர்த்தாமலே அச்சுறுத்தும் அந்தக் குளிர்ச்சியைத் தொடர் எங்கும் எட்டவில்லை.

ஆனால் எட்மண்டையே எடுத்துக்கொண்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. திரைப்படம் லண்டன்மீது நடக்கும் விமானத் தாக்குதலோடு தொடங்குகிறது. குண்டு விழும் நேரத்தில் அவன் அப்பாவின் புகைப்படத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடுகிறான், அண்ணன் பீட்டர் அவனைத் திட்டித் தீர்க்கிறான். அவன் செய்யும் தவறுக்கெல்லாம் அப்பா இல்லாத ஏக்கமும் அண்ணனின் அதட்டலும் காரணமாக முன்கூட்டியே வைக்கப்பட்டுவிடுகின்றன. நாவலில் அப்படிப்பட்ட சமாதானம் எதுவும் கிடையாது. தானும் நார்னியாவுக்குப் போய்வந்தபிறகு, அங்கே முதலில் போய்வந்த தங்கை லூசி சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ளாமல், சும்மா விளையாடினோம் என்று அவன் சொல்லிவிடுகிறான். தன்னால் செய்ய முடிந்ததிலேயே மிக இழிவான காரியத்தைச் செய்வதென்று அந்த நொடியில் முடிவெடுத்தான் என்கிறார் லூயிஸ். தொடரில் ஜானத்தன் ஸ்காட் அந்தப் பொய்யை அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். சோஃபி வில்காக்ஸின் லூசி உடைந்துபோகிறாள். காரணம் தேடித்தராத அந்தச் சின்னத்தனம்தான் கதையின் அச்சாணி. மன்னிக்கத் தக்க காரணம் முன்பே இருந்துவிட்டால், பிற்பாடு அவனுக்காக இன்னொருவர் உயிரைக் கொடுப்பதன் கனம் குறைந்துவிடுகிறது.

இனி அஸ்லான். லூயிஸ் அஞ்சியது இதைத்தான். தொடரின் சிங்கம் ஆளுயர பொம்மை. உள்ளே இருவர் அதை இயக்க, ரொனால்டு பிக்கப் குரல் கொடுத்தார். தாடை அசைகிறது, கண்கள் போதுமான அளவு பேசுவதில்லை. நடை மிகவும் கனத்தது, ஓட்டம் என்பதே இயலாது. முதுகில் சிறுமிகளை ஏற்றிச் செல்லும் காட்சியில், தனியாக எடுத்த உருவம் பின்னணியின்மேல் ஒட்டப்பட்டிருப்பது எவருக்கும் தெரியும். லயம் நீசன் குரலில், கணினி வரைகலையில் உருவான திரைப்படத்தின் அஸ்லானுக்குத் தசை அசைகிறது, பிடரியில் காற்று புகுந்து போகிறது. முகாமில் கூடாரத்தை விட்டு அது வெளியே வரும்போது படைவீரர்கள் மண்டியிடுவதை நம்ப முடிகிறது. இந்த இடத்தில் தொடர் தோற்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் எட்மண்டுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்க அஸ்லான் கல் மேசைக்குப் போகும் இரவில் நாவல் கேட்பது ஓட்டத்தை அல்ல. தனிமையாக இருக்கிறது, என் பிடரிமேல் கை வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சிங்கம் இரண்டு சிறுமிகளிடம் கேட்கிறது. தொடரில் அந்தக் கைகள் புதைவது கையால் தொடக்கூடிய ஒரு பொருளில். மயிர் விரல்களுக்கிடையே பிதுங்குவதைக் காணலாம். சிறுமிகள் நடையைச் சிங்கத்தின் கனத்த அடிகளுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்கிறார்கள், இயந்திரத்தின் குறைபாடே அங்கு துயரத்தின் வேகமாகிவிடுகிறது. வேடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெர்ரி ஷேலும் லெஸ்லி நிக்கலும் மனித உயரத்தில் பீவர் என்ற பேசும் விலங்குத் தம்பதியாக வந்து விருந்து பரிமாறும்போது, தெருக்கூத்தில் முடியும் புஜகீர்த்தியும் கட்டி வந்தவரை அர்ச்சுனனாக நாம் ஏற்றுக்கொள்வதைப்போல, பார்க்கும் பிள்ளையும் சில நிமிடங்களில் ஏற்றுக்கொள்கிறது. லூயிஸ் இந்தச் சம்மதத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்றே நினைக்கிறேன்.

போர்க்களத்தில் இரண்டுமே நாவலை விட்டு விலகுகின்றன. லூயிஸ் போரை ஏறக்குறைய காட்டுவதே இல்லை. லூசியும் சூசனும் அஸ்லானுடன் போய்ச் சேரும்போது சண்டை முற்றியிருக்கிறது. எட்மண்ட் சூனியக்காரியின் கோலை உடைத்த செய்தியையே பின்னால் பீட்டர் வாயிலாகத்தான் அறிகிறோம். திரைப்படம் இதை ஒரு பெரும் யுத்தமாக விரித்துக் கதையின் உச்சத்தையே இடம் மாற்றிவிட்டது: கல் மேசை போருக்கு முன்னுரையாகிவிடுகிறது. தொடரோ கையால் வரைந்த பறக்கும் உயிரினங்களை நடிகர்கள்மேல் ஒட்டவைத்துச் சமாளிக்கிறது. அதன் மிகப் பலவீனமான நிமிடங்கள் அவை. ஆனால் அவை விரைவாக முடிந்துவிடுகின்றன. கதையின் உச்சமும் நாவலில் இருக்கும் இடத்திலேயே நிற்கிறது.

ஜெஃப்ரி பர்கனின் இசை, ஸ்காட்லாந்தின் ஏவிமோர் பகுதியில் எடுத்த பனிக்காட்சிகள், வேல்ஸின் மனோர்பியர் கோட்டை ஆகியவை வீடியோ நாடாவின் தட்டையான ஒளியையும் மீறி நிற்கின்றன. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலில் எதைக் காட்டலாம் என்று கேட்டால், நாவலை உரக்க வாசித்துக்காட்டியபடி வாரம் ஒரு பகுதியாகத் தொடரையே காட்டச் சொல்வேன். புத்தகத்தில் ஆர்வமில்லாத பதின்வயதினருக்குத் திரைப்படமே பொருந்தும். தொடர் பிடித்துப்போன பிள்ளைக்கு மேலே செல்லவும் வழி உண்டு. திரைப்பட வரிசை 2010இல் மூன்றாவது படத்தோடு நின்றுவிட்டது. பிபிசியோ 1990இல் 'தி சில்வர் சேர்' என்ற நார்னியா நாவல் வரை எடுத்து முடித்தது. டாம் பேக்கர் நடித்த பட்டில்கிளம் என்ற அவநம்பிக்கை மிகுந்த, ஆனால் அசையாத விசுவாசம் கொண்ட சதுப்புநிலவாசியை அங்கே பார்க்கலாம்.