காலி சைட்டின் செம்மண்ணுக்கு எந்த வேர்: கேழ்வரகா, மொச்சையா, கடுகா?

பெங்களூருவில் வீட்டை ஒட்டிக் கிடக்கும் 30-க்கு 40 அடி காலி மனையில் (சைட்டில்) ஏதேனும் விதைக்க நினைக்கும் நம்மவர்கள், எது நன்றாகக் காய்க்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த வேர் இந்த மண்ணுக்கு என்ன செய்யும் என்று கேட்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. இங்குள்ள செம்மண்ணில் கரிமச்சத்து குறைவு. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு இறுகப் பிணைந்து, மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாமல் கிடக்கிறது. 1904-இல் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்ட, வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் மண்ணில்தான் இந்தப் பூட்டு திறக்கிறது. அங்கே மூன்று பயிர்களின் வேர்களும் மூன்று விதமாக வேலை செய்கின்றன.

கரிமத்தைச் சேர்ப்பதில் கேழ்வரகுக்கே என் வாக்கு. மழை விட்ட மறுநாள் ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தால், உதறினாலும் உதிராத மண் சல்லிவேர்களைச் சுற்றி உறைபோல ஒட்டியிருக்கும். வேர் கசியவிடும் கோழையும் சர்க்கரையும், அவற்றை உண்டு பெருகும் பாக்டீரியாக்களின் பிசினும், பூசண இழைகளும் சேர்ந்து பின்னிய உறை அது. அந்த மண் திரள்களுக்குள் அகப்படும் கரிமத்தை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க முடிவதில்லை. மேலே பரப்பும் தழையின் கரிமத்தைவிட வேர்வழி வரும் கரிமம் மண்ணில் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலும், மணிச்சத்து மண்ணில் நகர்வது மிகக் குறைவு என்பதால், வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் அது விரைவில் தீர்ந்துவிடும். கேழ்வரகோடு கூட்டுறவு கொள்ளும் வேர்ப்பூசணம், அந்த வறண்ட வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தொலைவு வரை இழை நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. குறை ஒன்று உண்டு. கேழ்வரகின் தாளில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ள, அடுத்த பயிர் சில வாரங்கள் வெளிறி நிற்கும்.

அந்தக் குறையை நிரப்புவது மொச்சை. முளைத்து ஐந்தாறு வாரம் ஆன செடியைத் தோண்டி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. கட்டட இடிபாடு கொட்டிய சைட்டில் பொருத்தமான ரைசோபியம் இல்லாமல் போகலாம் என்பதால், ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது. ஆனால் பலர் எண்ணுவதுபோல, செடி நிற்கும்போதே தழைச்சத்து மண்ணில் கொட்டிவிடுவதில்லை. பெரும்பகுதி காய்க்குப் போய்விடும். மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் முடிச்சும் உதிர்ந்த இலையும் மக்கும்போதுதான். காயைப் பறித்துவிட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மொச்சைக்குப் பதிலாகத் துவரையையும் எண்ணிப் பார்க்கலாம். இரும்போடு பிணைந்த மணிச்சத்தைக் கரைக்கவல்ல அமிலம் துவரை வேரிலிருந்து கசிவதை, 1990-இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். நம் செம்மண்ணுக்கு இது மிகவும் ஏற்ற குணம். ஆயினும் சிறிய சைட்டில் துவரை அதிக இடத்தையும் மாதங்களையும் கேட்கும்.

கடுகு விரைவில் வளரும், அதன் ஆணிவேர் இறுகிய மண்ணைத் துளைக்கும். எனினும் அது வேர்ப்பூசணத்தோடு சேர்வதில்லை. அதன் திசுக்கள் மக்கும்போது வெளிப்படும் காரநெடியுள்ள பொருள்கள் சில பூசணங்களை அடக்கவும் செய்யும். வேரழுகல் கண்ட மண்ணில் அது உதவலாம். உயிரே குறைந்த காலி சைட்டில், முதல் பட்டத்திலேயே கடுகை மட்டும் விதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெங்களூருவைச் சுற்றியுள்ள கன்னட உழவர்கள் 'அக்கடி சாலு' முறையில் கேழ்வரகுக்கு இடையிடையே அவரை (நம் மொச்சை), துவரை, கடுகு, நம் ஊரில் பேயெள்ளு எனப்படும் ஹுச்செள்ளு ஆகியவற்றை வரிசையாக விதைப்பது வழக்கம். அந்த முறையைத்தான் சிறிய அளவில் பின்பற்றச் சொல்வேன்: ஆடியில் கேழ்வரகு, சில வரிசைகளுக்கு ஒன்றாக மொச்சை, ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை கடுகு. கேழ்வரகை அறுத்த பின்னும் மொச்சை நின்று, மார்கழிப் பனியில் காய்க்கும். அது ஓய்ந்ததும் தண்டைத் தரையோடு அரிந்துவிட்டு, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள்.