ஒரு சட்டை, நான்கு வரிவாசல்கள்: வடசென்னைத் தையல் யூனிட்டுக்கு எது நல்லது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பருத்திச் சட்டை ஒன்றின் விலை 5 யூரோ என்று வைத்துக்கொள்வோம். சலுகை எதுவும் இல்லையென்றால் 12 சதவீதம், அதாவது 60 சென்ட் சுங்கவரி. வங்கதேசத்துச் சட்டைக்கு அந்த வரி இல்லை. இலங்கை, பாகிஸ்தான் சட்டைகளுக்கும் பூஜ்யமே, ஆனால் நிபந்தனைகள் வேறு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர்கள் "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பது நியாயம்தான்.

வங்கதேசத்தின் வாசல், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கென்று 2001-இல் ஒன்றியம் திறந்த 'ஆயுதம் தவிர அனைத்தும்' திட்டம். அதன் பலம் பூஜ்ய வரியோடு நிற்கவில்லை. 2011 முதல் இந்த நாடுகள் துணியை எங்கிருந்து வாங்கினாலும் சரி, உள்ளூரில் வெட்டித் தைத்தாலே போதும். சீனத் துணியில் தைத்த சட்டையும் வங்கதேசச் சட்டையாகவே கணக்காகும். நெசவாலையே இல்லாத நாட்டுக்கு இதைவிடத் தாராளமான விதி கிடையாது. ஆனால் நாடு வளர்ந்தால் இந்த வாசல் மூடும். பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதன்பின் ஐரோப்பா தருவது மூன்றாண்டு அவகாசம் மட்டுமே.

கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 2020 ஆகஸ்ட் 12-இல் கம்போடியாவின் சலுகையில் ஒரு பகுதியை ஒன்றியம் நிறுத்தியது. உரிமைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆட்சியாளர்கள் செய்த தவறுக்கு முதல் அடி வாங்குவது தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்தான். இது என்னை உறுத்துகிறது.

இலங்கையும் பாகிஸ்தானும் நுழைவது ஜி.எஸ்.பி. பிளஸ் வழியாக. வளரும் நாடுகளின் பொருட்களுக்குப் பணக்கார நாடுகள் தரும் வரிச்சலுகைத் திட்டம்தான் ஜி.எஸ்.பி.; அதில் ஐரோப்பா தரும் கூடுதல் சலுகை பிளஸ். மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். இலங்கை இதை 2005-இல் பெற்று, 2010 ஆகஸ்டில் இழந்து, 2017 மே மாதம் மீண்டும் பெற்றது. வரி பூஜ்யம் என்றாலும் இங்கே பொதுவாகத் தைப்பு மட்டும் போதாது, துணியும் அந்த நாட்டில் நெய்யப்பட்டிருக்க வேண்டும். நூலும் துணியும் நிறைய உற்பத்தி செய்யும் பாகிஸ்தானுக்கு அது சுலபம். துணியை இறக்குமதி செய்து தைக்கும் இலங்கையின் ஆடைகளில் ஒரு பகுதி, தகுதி இருந்தும் சலுகையை எட்டுவதில்லை. பெரம்பூரில் பி அண்ட் சி மில் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை: மில் இருக்கும் ஊரும், தையல் மட்டும் இருக்கும் ஊரும் ஒன்றல்ல.

அந்த பிளஸ்ஸை இந்தியா ஏன் கேட்கக்கூடாது? கேட்டாலும் கிடைக்காது. சலுகை நாடுகளிலிருந்து ஒன்றியம் செய்யும் மொத்த இறக்குமதியில் சிறு பங்கு வகிக்கும் நாடுகளுக்கே அது. நம் பங்கு மிகப் பெரியது.

நமக்கென்று இருந்தது சாதாரண ஜி.எஸ்.பி. ஆடைக்கான வரியில் ஐந்தில் ஒரு பங்கு கழிவு, அதாவது 12 சதவீதம் 9.6 ஆகும். நம் சட்டைக்கு மிச்சம் 12 சென்ட். வங்கதேசத்தோடு இருக்கும் இடைவெளி அப்போதும் 48 சென்ட். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு நாட்டின் துணி அல்லது ஆடையின் பங்கு, சலுகை நாடுகளின் மொத்தத்தில் 47.2 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பிரிவுக்கே சலுகை நிற்கும். இந்தியத் துணிப் பிரிவுக்கு 2014-இலேயே சலுகை இல்லாமல் போனது. நன்றாக விற்றால் வாசல் மூடும் என்ற ஏற்பாட்டை நம்பி எந்த முதலாளி புது மிஷின் இறக்குவார்?

அமெரிக்க ஜி.எஸ்.பி.யிலிருந்து 2019 ஜூன் 5-இல் இந்தியா நீக்கப்பட்டதால்தான் ஆர்டர் குறைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகையில் பெரும்பாலான ஆடைகள் ஆரம்பத்திலிருந்தே சேரவில்லை.

ஆகவே என் ஓட்டு நான்காவது வாசலுக்கு, இருதரப்பு ஒப்பந்தத்துக்கு. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே மாதமும் ஆஸ்திரேலியாவுடன் அதே ஆண்டு டிசம்பரிலும் இப்படி ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுக்கும், நாமும் நம் சந்தையைத் திறந்துவிட வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் நாம் வளர்ந்துவிட்டோம் என்று சொல்லி ஒரு தரப்பு மட்டும் சட்டென்று வாசலை இழுத்து மூட முடியாது. துணி எந்த நாட்டில் நெய்தது என்ற கேள்வியும், கோவையில் நூலும் ஈரோட்டில் துணியும் வாங்குகிற நமக்குப் பாரமில்லை.

சிறு யூனிட்டுகள் தடுக்கி விழுவது காகிதத்தில். பில் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கிய துணியில் தைத்த சட்டைக்கு, அது எந்த நாட்டுத் துணி என்று நிரூபிக்க வழியில்லை. நூல் பில், துணி பில், சாயப்பட்டறை சலான், கட்டிங் ரிஜிஸ்டர் நான்கும் ஆர்டர் வாரியாக ஒரே ஃபைலில் இருக்கட்டும். பையர் கேட்கும்போது தேடத் தொடங்கினால் கப்பல் போய்விடும்.