எல்லாப் படத்திலும் மீசை: ஒரு சிறார் பாதுகாப்புப் பயிற்சி பற்றி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் ஆசிரியர்களுக்கும் தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) நடத்துபவர்களுக்கும் தமிழிலேயே நடக்கும் மூன்று மணி நேரப் பயிற்சி. கட்டணம் 60 ரிங்கிட். கையேடும் கறிபாப்பும் அதில் அடக்கம். தமிழில் இப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம். ஆகவே குறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டப் பகுதி கச்சிதம். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் (சட்டம் 792) 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லாரையும் காக்கிறது. 14ஆம் பிரிவில், உடலைத் தொடும் குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறை. செய்தவர் ஆசிரியரோ பராமரிப்பாளரோ என்றால் 16ஆம் பிரிவின்படி மேலும் 5 ஆண்டு வரை. தெரிந்தும் தகவல் தராமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். உதவிக்கு அழைக்கும் தாலியான் காசே (Talian Kasih) 15999 எண் கையேட்டின் பின் அட்டையிலேயே பெரிதாக இருக்கிறது.

பிறகு படங்கள். வேன் அங்கிள், பக்கத்து வீட்டு மாமா, கடைக்காரர் என்று எல்லாரும் மீசைக்காரர்கள். சட்டம் "எவரேனும்" என்று எழுதியிருப்பதைக் கையேடு "அங்கிள்" ஆக்கிவிட்டது. பிள்ளை சட்டத்தையா படிக்கப்போகிறது? டியூஷன் அக்காவால் பாதிக்கப்பட்ட ஒன்பது வயதுப் பையன் அந்தப் படங்களில் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள். யாரோ இதைக் கேட்டதற்கு, "பொம்பளைங்க அப்படிச் செய்யறது ரொம்ப அபூர்வம்" என்று பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வில், பாலியல் குற்றங்களுக்கான போலீஸ் பதிவுகளில் பெண் குற்றவாளிகள் ஏறத்தாழ 2 விழுக்காடு. பாதிக்கப்பட்டவர்களையே நேரடியாகக் கேட்ட கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ 12. ஆண்களே பெரும்பான்மை என்பது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் காணாமல் போனவர்கள் "கொடுத்து வெச்சவன்டா" என்ற கிண்டலுக்குப் பயந்து வாய் திறக்காத பையன்களாகவும் இருக்கலாம். பயத்திலும் உடல் எதிர்வினை காட்டும், அது சம்மதம் ஆகாது என்பதை அவர்களுக்குச் சொல்ல கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இதைவிட மோசம், கழிப்பறை விதி. "ஆண் ஊழியர் பிள்ளையுடன் தனியாக இருக்கக்கூடாது" என்கிறது கையேடு. தாஸ்காவில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த விதி வேன் ஓட்டுநர் ஒருவரோடு முடிந்துபோகிறது! யாராக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொருவர் பார்வையில் இருக்க வேண்டும் என்று மாற்றினால் போதும்.

புகார் பகுதியில் இரண்டு ஓட்டைகள். தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவின்படி வன்புணர்ச்சி என்பது ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டுமே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289ஆம் பிரிவின்படி பெண்ணுக்குப் பிரம்படியும் கிடையாது. இதை மட்டும் கேள்விப்பட்ட பெற்றோர், கேஸே இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். செய்தவர் பெண்ணாக இருந்தாலும் சட்டம் 792 பொருந்தும் என்பதைக் கையேடு சேர்த்துச் சொல்லவேண்டும். புகாரில் குற்றத்தின் பெயரைத் தேடவேண்டாம். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், பிள்ளையின் வயது என்ன என்பதை எழுதினால் போதும். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு முறை குறித்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்காமல் விடவேண்டும்.

அடுத்தது, துணியைப் பிளாஸ்டிக் பையில் வைக்கச் சொல்கிறார்கள். தவறு. ஈரம் தங்கித் தடயம் கெடும். துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். குளிப்பாட்டாமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகவேண்டும். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தடயம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சட்டப் பகுதிக்காக 60 ரிங்கிட் தரலாம். கையேட்டை மட்டும் உங்கள் ஊழியர்களிடம் கொடுக்குமுன், "அங்கிள்", "ஆண் ஊழியர்" என்று வரும் இடங்களை எல்லாம் பேனாவால் அடித்து "யாராவது" என்று எழுதிவிட்டுக் கொடுங்கள்.