பெல்லட் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? பொருத்த வருகிறவரை முதலில் விசாரியுங்கள்

வட இத்தாலியில் இருக்கிற நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எரிவாயு பில் தாங்க முடியாமல் நிறையப் பேர் பெல்லட் அடுப்புக்கு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கிற அடுப்புக்கு மாறுகிறார்கள். அடுப்பு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொருத்துகிற வேலையில்தான் ஏமாற்றுகிறார்கள்.

ரெஜ்ஜோ எமிலியா பக்கத்தில் ஒரு கடை, அடுப்பும் பொருத்துகிற கூலியும் சேர்த்து ஒரே விலை என்று சொல்லி எங்களுக்கு விற்றது. இரண்டு பேர் காலையில் வந்து சுவரில் ஓட்டை போட்டு, குழாயை மாட்டி, மதியத்துக்குள் மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்கான சான்றுப் பத்திரம் மெயிலில் வரும் என்றார்கள். வரவில்லை.

குளிர் இறுகியதும் அடுப்புக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில் ஒரு கருநிழல் மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. டிவி மேல், பிள்ளை படிக்கிற மேசை மேல், யன்னல் விளிம்பில் எல்லாம் சாம்பல் நிறத் தூசு, துடைத்தால் துணி கறுப்பாகிறது, வீட்டுக்குள் காயப்போட்ட உடுப்பெல்லாம் புகை மணக்கிறது, பிள்ளைக்கு இரவில் இருமல் நிற்கவில்லை. கடைக்கு போன் செய்தால் முதல் பதில், உங்கள் பெல்லட் சரியில்லை, எங்களிடம் வாங்குங்கள் என்பது. நாங்கள் எரித்தது என்பிளஸ் ஏ1 முத்திரை உள்ள மூட்டை. அந்தத் தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது 15 கிலோ மூட்டை முழுக்க எரிந்தாலும் நூறு கிராம் சொச்சம்தான். மலிவுப் பெல்லட் என்றால் சாம்பல் கூடும், எரிகிண்ணத்தின் துளைகள் அடைத்துக் கரியும் கூடும், அது உண்மை. ஆனால் எவ்வளவு சாம்பல் உண்டானாலும் அது சாம்பல் தட்டிலோ புகைக்குழாயிலோதான் இருக்க வேண்டும். புத்தக மேசைக்கு வருகிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது.

இரண்டாவது முறை கேட்டபோது சொன்னதை நான் மறக்கமாட்டேன். நீங்கள் வீட்டில் விளக்கும் ஊதுபத்தியும் கொளுத்துகிறீர்கள், குசினியில் எண்ணெயில் தாளிக்கிறீர்கள், அந்தக் கரிதான் இது என்றார்கள். இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து சாமித்தட்டில் விளக்கு எரிகிறது, ஒரு சுவரும் கறுத்ததில்லை. அடுப்பு வந்த பிறகுதான் கறுத்தது. உங்களுக்கும் இதைச் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது முறை ஆள் அனுப்பினார்கள், வந்ததற்குத் தனிக் காசு. அவர் குழாய் மூட்டில் சாதாரண சிலிக்கோனைப் பூசிவிட்டுப் போனார். அது சூட்டில் கருகி நாறி, பிறகு பிளந்துவிட்டது.

கடைசியில் மலைப்பக்கத்தில் இருந்து புகைபோக்கி வேலை செய்கிற ஒரு வயதான மனிதரைக் கூப்பிட்டோம். அவர் எதையும் கழற்றவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, டார்ச்சைக் குழாய்க்குப் பக்கவாட்டில் பிடித்தார். பற்றுகிற நேரத்தில்தான் புகை அதிகம். இரண்டு இடத்தில் மெல்லிய புகை கசிவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. ஒன்று குழாயின் மூட்டு, அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை. மற்றது கீழே துப்புரவு செய்யத் திறக்கிற மூடி, அதிலும் வளையம் இல்லை. விறகு அடுப்பில் புகைபோக்கி தானாக இழுக்கும், பெல்லட் அடுப்பில் ஒரு விசிறி ஊதுகுழல் மாதிரி புகையைக் குழாய்க்குள் தள்ளுகிறது, அதனால் விசிறிக்கு அப்பால் உள்ள எந்த மூட்டில் இடைவெளி இருந்தாலும் கரி அறைக்குள்தான் வரும் என்று விளக்கினார். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதலே சொல்லியிருந்தால் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவர் துடைத்திருக்க மாட்டோம்.

கதவையும் பார்த்தார். கதவின் கயிற்றுப் பட்டியில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக இருக்க வேண்டும், சும்மா வந்தால் பட்டி போய்விட்டது. அந்த இடைவெளியால் காற்று உள்ளே போகும், எரிகிண்ணத்துக்கு வரவேண்டிய காற்று குறையும், சுவாலை மந்தமான செம்மஞ்சளாகி கண்ணாடி கறுக்கும். கண்ணாடியில் வெளிர் சாம்பல் பூசினால் பரவாயில்லை, எண்ணெய்க் கறுப்பாகப் படிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய பிழைகள் வேறு. வெளிக்காற்று வருவதற்கு 80 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும், அது போடவே இல்லை. அது இல்லாமல் குசினிப் புகை உறிஞ்சியைப் போட்டால் வீட்டுக்குள் காற்று குறைந்து, அடுப்புக்குள் இருக்கிற புகை அறைக்குள் இழுபடும். புகைக்குழாயைச் சுவரோடு வெளியே விட்டிருந்தார்கள். இத்தாலியின் யூஎன்ஐ 10683 தரநிலை கூரைக்கு மேலே கொண்டுபோகச் சொல்கிறது. மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும், மேல்நோக்கிய குழாய் இல்லாவிட்டால் புகை திரும்பி அறைக்குள் வரும். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு மணமே இல்லை. பிள்ளை அந்த அறைக்குப் பக்கத்தில்தான் தூங்கியது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது, 2008 ஆம் ஆண்டின் 37 ஆம் எண் ஆணைப்படி பொருத்துகிறவர் கையெழுத்திட்டுத் தரவேண்டிய இணக்கச் சான்று. இத்தாலியனில் டிக்கியராத்ஸியோனே தி கொன்ஃபோர்மிதா என்று கேளுங்கள். வணிகச் சபையின் பதிவுப் பிரதியை எடுத்தால் அந்த நிறுவனத்துக்கு சி பிரிவு உரிமை இருக்கிறதா என்று தெரியும், புகை வெளியேற்றும் வேலை அந்தப் பிரிவில்தான் வருகிறது. எங்களுக்கு வேலை செய்தவர்களுக்கு அது இல்லை. நுகர்வோர் சங்கம் மூலம் பதிவுத் தபால் போட்ட பிறகுதான் பொருத்துகூலியைத் திருப்பித் தந்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்த காசும், கூரை வரை புதுக் குழாய் போட்ட காசும் எங்கள் கையில் இருந்துதான் போனது.

துப்புரவு பற்றியும் அந்தக் கடை தவறாகச் சொன்னது. சாதாரண வெக்யூமில் சாம்பலை இழுக்காதீர்கள். நுண்சாம்பல் அதன் பின்பக்கத்தால் அறை முழுக்கப் பறக்கும், உள்ளே ஒரு தணல் இருந்தால் பை பற்றிவிடும். இதற்கென்று உலோகப் பீப்பா வைத்த சாம்பல் வெக்யூம் இருக்கிறது. முழுதாக ஆறிய பிறகு, கதவை மெதுவாகத் திறந்து செய்யுங்கள், சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே வையுங்கள். மூட்டையின் அடியில் தங்கும் மரத்தூளை அடுப்பின் பெல்லட் தொட்டிக்குள் கொட்ட வேண்டாம். சுவரில் படிந்த கரியை ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், இன்னும் பரவும், முதலில் காய்ந்தபடியே எடுங்கள்.

ஏற்கனவே பொருத்தியவர்கள் இன்றைக்கே வெளியே போய்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரோடு முடிந்தால், சரியான ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் அடுப்பை எரிய விட்டுத் தூங்க வேண்டாம், ஈஎன் 50291 என்று எழுதிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் உடனே வாங்கி மாட்டுங்கள்.