சங்க பேட்ஜ்: சுட்ட எனாமலா, ஊற்றிய பிசினா?

வேலூர்க் கடை ஒன்றில் முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு அடித்துத் தரும் 25 மி.மீ. உறுப்பினர் பேட்ஜ் இது. எனாமல் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். உலோகத்தில் வண்ணம் நிரப்பும் பள்ளத்தில் இருப்பதோ பிசின் (ரெசின்) வண்ணம். குண்டூசி முனையால் ஓரத்தில் லேசாகக் கீறினால் தடம் விழுகிறது. கண்ணாடி எனாமலில் விழாது.

அசல் எனாமல் என்பது கண்ணாடித் தூளைச் செம்பின் மேல் வைத்து ஏறக்குறைய 800 டிகிரியில் உருக்குவது. நிறத்துக்கு நிறம் மறுபடி சூளை. இந்த பேட்ஜின் உலோகம் துத்தநாகக் கலவை. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதைச் சூளையில் வைக்கவே முடியாது. பிரிட்டனில் 1921இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜனின் பழைய எனாமல் பேட்ஜ்கள் இன்றும் நிறம் மங்காமல் கிடைப்பது சூளையில் சுட்டதால்தான்.

இதன் எழுத்து வார்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொடிநாள் சின்னத்தின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றில் நீலங்கள் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அது பெரிய குறை. மேலே ஊற்றிய எபாக்சி என்ற நிறமற்ற பிசின் வெயில் பட்டால் மஞ்சளாகும், வேலூர் வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். பின்னால் ஒரே ஊசி என்பதால் சட்டைப் பையில் பேட்ஜ் சுழன்று தலைகீழாகிறது.

வாங்குவதானால் செம்புத் தகடு, 1.5 மி.மீ. கனம், இரட்டை ஊசி என்று எழுதிக் கொடுத்து, ஒரு மாதிரியைக் கீறிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.