ஜெர்மன், ஜப்பானியம், பிரெஞ்சு: வேலைக்கு எது, சுற்றுலாவுக்கு எது?

சென்னையில் வெளிநாட்டு மொழி படிக்கக் கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் இந்த மூன்றில் ஒன்றில்தான் சேர்கிறார்கள். சேருமுன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது சுலபம்?" கேட்க வேண்டியது வேறு. நீங்கள் குறிவைக்கும் வேலை எந்த நிலைச் சான்றிதழைக் கேட்கிறது? அந்த நிலை வரை தாக்குப்பிடிக்கக் கையில் காலமும் பணமும் இருக்கிறதா? ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும், ஜப்பானியத்தில் என்5ல் தொடங்கி என்1 வரை. ஏ2வோடு நின்றுபோன ஜெர்மனுக்கும் என்5வோடு நின்றுபோன ஜப்பானியத்துக்கும் வேலைச் சந்தையில் அநேகமாக மதிப்பே கிடையாது. இரண்டு மொழியில் அரைகுறையாக இருப்பதைவிட ஒன்றில் பி2வைத் தொடுவதே மேல்.

ஜெர்மன்: நர்சிங் படித்தவர்களுக்கு

பி.எஸ்சி நர்சிங்கோ ஜிஎன்எம்மோ முடித்தவர் யோசிக்க வேண்டியதில்லை, ஜெர்மன்தான். ஜெர்மனியில் முழு நர்ஸாகப் பதிவு பெறப் பெரும்பாலான மாநிலங்களில் பி2 வேண்டும். பி1 இருந்தாலே அங்கே போய், நம் நர்சிங் படிப்பை ஏற்கவைக்கும் அங்கீகார நடைமுறையை முடித்துக்கொள்ளும் விசாவுக்கு வழி உண்டு. ஆனால் உதவியாளராகத் தொடங்கி, தகவமைப்புப் பயிற்சியையோ அறிவுத் தேர்வையோ முடித்து, பி2வையும் எழுதிய பிறகே முழுச் சம்பளம் வரும். அதனால் பி2வை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலையை வாய்மொழியாக ஒப்படைக்க வேண்டும், மருத்துவக் குறிப்புகளை ஜெர்மனிலேயே எழுத வேண்டும். அந்த வேலையை முழு நாளும் செய்துகொண்டே மாலையில் இலக்கணம் படிப்பது மிகவும் கடினம்.

எவ்வளவு காலம் ஆகும்? ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்கில், தொடக்கத்திலிருந்து பி1 வரை 350 முதல் 650 பாடவேளை, பி2 வரை 600 முதல் 800 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு பாடவேளை என்றால் பி2வுக்கு 30 முதல் 40 வாரம். தேர்வுக்கு இடம் கிடைக்கும் வரை காத்திருப்பது, ஒரு நிலையைத் திரும்பப் படிப்பது எல்லாம் சேர்ந்தால் ஓராண்டைத் தாண்டும். மாலை வகுப்பிலேயே ஆறு மாதத்தில் பி2 என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஜெர்மனின் பெரிய வசதி அதன் தேர்வு முறை. கோத்தேயின் பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்டலில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். தேர்வும் ஆண்டில் பல முறை நடக்கிறது. பயிற்சி மையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் 'பி2 கோர்ஸ் முடித்தார்' சான்றிதழைத் தூதரகம் ஏற்காது. கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுகளே செல்லும்.

பலர் சறுக்குவது பெயர்ச்சொல்லின் பாலில். பாலைக் காட்டச் சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் என்ற மூன்றில் எது என்பதோடு சேர்த்துச் சொல்லை மனப்பாடம் செய்யாமல், வெறும் சொல்லை மட்டும் படித்து ஏ2 வரை ஓட்டிவிடலாம். பி1ல் வேற்றுமைக்கும் பாலுக்கும் ஏற்ப அடைமொழியின் விகுதி மாறத் தொடங்கும்போது மொத்தமும் ஆட்டம் காணும். படித்த ஆயிரம் சொல்லையும் மறுபடி படிக்க வேண்டிவரும்.

நர்சிங் தவிரவும் வழிகள் உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள, வேலை தேடிப் போவதற்கான சான்சன்கார்ட் என்ற அனுமதி புள்ளி அடிப்படையிலானது. படிப்புத் தகுதியோடு ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், குறைந்தது ஆறு புள்ளி வேண்டும். அதில் ஏ2வுக்கு 1, பி1க்கு 2, பி2வுக்கு 3 புள்ளி. திறன்மிகு இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000லிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. ஆனால் இந்தக் கார்டு வேலை தேடப் போவதற்கான அனுமதி மட்டுமே. வேலைக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஜப்பானியம்: ஊரை விட்டுப் போகாமலே வேலை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி என்று இந்தப் பக்கம் ஜப்பானிய ஆலைகளும் அவற்றின் உதிரிபாக நிறுவனங்களும் நிறைய. டிப்ளமோ மெக்கானிக்கலோ பி.இ.யோ படித்தவர் என்2 வைத்திருந்தால், மொழிபெயர்ப்பாளராகவும் உற்பத்திப் பிரிவுக்கும் டோக்கியோ தலைமையகத்துக்கும் இடையே பேசுபவராகவும் வேலை உண்டு. ஐடியில் இதே பணிக்கு 'பிரிட்ஜ் எஞ்சினியர்' என்று பெயர். இந்த வேலைகளில் என்3 நேர்காணல் வரை கொண்டுபோகும், என்2தான் நியமனக் கடிதம் வாங்கித் தரும்.

தமிழருக்கு இந்த மொழியில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது, வாக்கிய அமைப்பு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை அப்படியே நம்முடையது. உருபுகள் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம், அவர்கள் 'தாபெத்தே மிரு' என்கிறார்கள். தாபெத்தே 'சாப்பிட்டு', மிரு 'பார்'. 'செய்து வை' என்பதற்கு 'ஷித்தே ஓகு'. ஓகு என்றால் வைப்பது. ஆங்கிலம் வழியாக நடத்தும் வகுப்பில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி விதியாகப் பூதாகரமாகத் தெரியும். தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தச் சலுகை, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. என்4க்குச் சுமார் 300 எழுத்து, என்2வுக்குச் சுமார் 1,000. அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது, இவை நடைமுறைக் கணக்கு. தினமும் ஐந்தாறு எழுத்தைக் கையால் எழுதிப் படிக்காதவர்கள் என்4ஐத் தாண்டியதும் நின்றுவிடுகிறார்கள்.

இந்த என் நிலைகளுக்கான ஜேஎல்பிடி தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு என ஆண்டுக்கு இரண்டே முறை. விண்ணப்பம் பல வாரங்களுக்கு முன்பே மூடிவிடும். தவறினால் அரையாண்டு போச்சு. மொத்த மதிப்பெண் போதாது, பகுதிவாரியாகவும் குறைந்தபட்சம் வேண்டும். என்4ல் 180க்கு 90 எடுத்தாலும் கேட்டலில் 60க்கு 19 வராவிட்டால் தோல்விதான். இன்னொன்று, இந்தத் தேர்வில் பேசும் பகுதியே இல்லை. என்3 முடித்தவர் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திணறுவதற்குக் காரணம் இதுதான். என்4 படிக்கும்போதே வாரம் இரண்டு மணி நேரமாவது பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

ஜப்பானுக்கே போக நினைப்பவருக்கு 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா இருக்கிறது. என்4 அல்லது ஜேஎஃப்டி என்ற அடிப்படை மொழித் தேர்வு, கூடவே துறைத் திறன் தேர்வு. முதியோர் பராமரிப்புக்குத் தனி மொழித் தேர்வும் உண்டு. முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்தாண்டு, குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பிரெஞ்சு: கனடா, பள்ளிக்கூடம், புதுச்சேரி

பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக எடுத்த பிரெஞ்சை ஒரு தகுதியாக எண்ணிவிடக் கூடாது. அதில் முழு மதிப்பெண் வாங்கியவரையும் டெல்ஃப் என்ற பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வின் ஏ2வில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டே பி1ல் சேர்க்க வேண்டும். உள்ளூரில் பிரெஞ்சுக்கு நிலையான வேலை பள்ளி ஆசிரியர் பணிதான், எம்.ஏ. பிரெஞ்சும் பி.எட்.டும் இருந்தால்.

வெளியே போவதற்கு, பிரெஞ்சின் பலம் கனடா. அங்கே குடியேறுவதற்கான புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், நான்கு திறனிலும் என்சிஎல்சி என்ற கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் 7 எடுத்து, ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் 50 புள்ளி கூடுதல். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்புச் சுற்றும் நடக்கிறது. அழைப்புக்கான குறைந்தபட்சப் புள்ளி பொதுச் சுற்றுகளில் 500ஐத் தாண்டி நின்றபோதும் பிரெஞ்சுச் சுற்றுகளில் 400ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் வந்ததுண்டு. இதற்கு டெல்ஃப் செல்லாது, டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடாதான் எழுத வேண்டும். டெல்ஃப் சான்றிதழ் காலாவதி ஆகாது, இவை இரண்டு ஆண்டில் காலாவதி ஆகும். இது தெரியாமல் டெல்ஃப் பி2 எழுதிவிட்டு இரண்டாம் முறை கட்டணம் கட்டுபவர்கள் நிறைய.

ஷிப்ட் நேரம்

சென்னையில் உட்கார்ந்தே வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்குப் போகிறவர் மொழியோடு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். டோக்கியோவின் காலை 9 மணி நமக்கு அதிகாலை 5.30. ஜெர்மனியின் காலை 8 நமக்குக் கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30, ஆக இரவு ஒன்பதரைக்குள் வீடு திரும்ப ஆயத்தமாகலாம். மான்ட்ரியல் என்றால் மாலை 6.30 அல்லது 7.30க்குத் தொடங்கி விடியும் வரை.

எண்கள் இந்த வேலையின் பொறி. ஜெர்மனில் 42ஐ 'இரண்டும் நாற்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள், தொலைபேசி எண்ணைக் குறிக்கும்போது 24 ஆகிவிடும். பிரெஞ்சில் 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு இருபது. ஜப்பானியத்தில் 'மான்' என்ற பத்தாயிரம்தான் அலகு, நம் ஒன்றரை லட்சம் அங்கே 15 மான். விலைப்புள்ளி சொல்லும்போது ஒரு சுழி கூடவோ குறையவோ செய்வது பெரும்பாலும் இங்கேதான்.

சுற்றுலா என்று வந்தால்

தமிழ்நாட்டுச் சுற்றுலாவில் மூன்றில் பிரெஞ்சே முந்துகிறது. புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுப் பயணிகள் மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்று சுற்றுகிறார்கள். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் தங்கும் விடுதிகளாகியுள்ள நாட்டுக்கோட்டை வீடுகளில் பிரெஞ்சு பேசும் ஊழியருக்குத் தேவை உண்டு. ஜப்பானிய வழிகாட்டிகளுக்கு வேலை அதிகம் கிடைப்பது புத்தகயா, சாரநாத், குஷிநகர் பக்கம். இங்கே அந்த மொழி தொழில் நிமித்தம் வந்து தங்குபவர்களைக் கவனிக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஓட்டல்களுக்கே உதவும். அதற்கும் மரியாதைப் பேச்சான கெய்கோ தெரிய வேண்டும், என்4 புத்தகத்தில் அது பாதிகூட வராது.

வழிகாட்டிக்கு உரிமம் முதலில், மொழி பிறகு. மொழியிலும் பி1 போதும் என்று நினைப்பவர்கள் மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தின் முன் மாட்டிக்கொள்கிறார்கள். மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்ததும், "இது அர்ஜுனன் தபசு என்கிறீர்கள், கங்கை இறங்குவதாகவும் சொல்கிறார்களே, எதை வைத்து?" என்று பயணி கேட்பார். நடுவே உள்ள பிளவையும் அதிலிருக்கும் நாகங்களையும் கைகளைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும் காட்டி, இரண்டு விளக்கத்தையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். அதற்குக் காரணமும் நிபந்தனையும் சொல்லும் வாக்கியங்கள் வேண்டும், அவை பி2வில்தான் கைவரும். கோயில், சிற்பம், விரதம், சாதம் பற்றிய 300 சொற்களைப் பொதுப் பாடப்புத்தகம் தராது, தனியே தொகுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்சி ஓட்டுநருக்கும் லாட்ஜ் வரவேற்பில் இருப்பவருக்கும் இந்த மூன்றில் எதுவுமே முதல் தேர்வாகாது. ராமேசுவரம், கன்னியாகுமரி, மதுரையில் இறங்கும் கூட்டம் பெரும்பாலும் உள்நாட்டுக் கூட்டம். இந்தியும் தெலுங்கும் மலையாளமும் நாலு மாதப் பேச்சுப் பழக்கத்தில் அன்றாடக் கல்லாவில் காசாகும், சான்றிதழும் கேட்பாரில்லை.

பணம் கட்டுமுன்

மொழி வகுப்போடு வெளிநாட்டு வேலையும் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களிடம், ஆட்சேர்ப்பு உரிம எண்ணைக் கேட்டு வாங்கி மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதற்கு ரசீது உண்டு. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை எந்த மையத்திலும் ஒப்படைக்காதீர்கள். ஜெர்மனி போகும் நர்சுகள் மொழி வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்ற பாட விவரச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பி2 வந்தும் பாடத்திட்ட விவரம் வராமல் கோப்பு தேங்கி நிற்பது வழக்கமாக நடக்கிறது.