பதிமூன்று ஐப்பசி, இரண்டு மதர்போர்டு

எங்கள் வீடு குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், மார்த்தாண்டத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு இடிப் பருவம். ஐப்பசி என்றால் காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். நான்கு மணிக்கெல்லாம் அம்மா "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். கணினி ஓடினால்தான் சோறு. ஆகவே மின்னலிடமிருந்து அதைக் காப்பாற்ற 2012 முதல் வாங்கிப் போட்ட ஒவ்வொன்றும் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் அடி 2012 அக்டோபரில் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் இடி இறங்கியது. ஒளியும் ஓசையும் ஒன்றாகவே வந்தன. கணினியை முன்பே அணைத்து, சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்திருந்தேன், அதனால் கவலைப்படவில்லை. மழை விட்டதும் பார்த்தால் இணைய மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. திருகைக் கழற்றித் திறந்தேன். தொலைபேசிக் கம்பி நுழையும் இடத்துக்கு அருகில் இருந்த சிப்பின் நடுவில், கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் கரி. கணினி ஓடியது, ஆனால் மோடத்திலிருந்து வரும் கம்பியைச் செருகும் அதன் லேன் துவாரம் செத்திருந்தது. இருபது நாள் கழித்து மதர்போர்டும் மொத்தமாகப் படுத்துவிட்டது. வாரண்டி இருந்தது. கொண்டுபோனேன். லேன் துவாரத்தில் இருந்த கருகலைப் பார்த்ததும், "மின்னல் என்றால் வாரண்டியில் வராது சார்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மின்னல் மின்கம்பியில் வரவில்லை, தொலைபேசிக் கம்பியில் வந்தது. மோடத்தைத் துளைத்து, லேன் கேபிள் வழியாக மதர்போர்டுக்குள் புகுந்து, பவர் சப்ளை வழியே வெளியேறியிருக்கிறது. சுவிட்சை அணைத்தது ஏன் உதவவில்லை என்றால், நம் வீட்டுச் சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி ஒன்றைத்தான் துண்டிக்கும்; அது திரும்பும் நியூட்ரலும் மண்ணுக்குப் போகும் எர்த்தும் இணைந்தபடியே இருக்கும். அதோடு, மேகத்திலிருந்து காற்றைக் கிழித்துக்கொண்டு வந்ததற்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி எம்மாத்திரம்?

அந்த வாரமே, திடீர் மிகை மின்சாரத்தைத் தடுக்கும் பிளக் பலகையான ஒரு ஸ்பைக் கார்டும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினேன். ஸ்பைக் கார்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து ஆண்டுகள் எந்தச் சேதமும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அதை வாங்கச் சொன்னேன். அந்தப் பாராட்டை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாள் இருட்டில் கிடந்தோம். மின்சாரம் திரும்பிய பிறகு ஒரு மாலையில், ஒடிந்து தொங்கிய ஓலையோ கிளையோ விழுந்து எங்கள் தெருவின் நியூட்ரல் கம்பி அறுந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். குழல்விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. யு.பி.எஸ். கூவியது. மேசைக்கு அடியிலிருந்து மீன் கருகியதுபோல நாற்றம் வந்தது. நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் டி.வி.யும் இரண்டு சார்ஜர்களும் போயின. யு.பி.எஸ்.ஸும் செத்தது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஸ்பைக் கார்டைப் பிரித்தேன். உள்ளே எம்.ஓ.வி. எனப்படும் நீலநிற வட்ட வில்லைகள் மூன்று இருந்தன. துத்தநாக ஆக்சைடால் செய்தவை. சாதாரண வோல்டேஜில் மின்சாரத்தை விடாது. அளவு மீறினால் கண நேரத்தில் கதவைத் திறந்து, மிகையை வேறு வழியாகத் திருப்பிவிடும். வில்லையின் மேல் 431 என்று அச்சிட்டிருந்தது. 43-க்குப் பக்கத்தில் ஒரு சுழியம் என்று படிக்க வேண்டும், அதாவது 430 வோல்ட். நம் 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட் என்பதால் இந்தக் கணக்கு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்த வில்லை கரிக்கட்டையாகி இரண்டாகப் பிளந்திருந்தது. எம்.ஓ.வி. என்பது மைக்ரோ விநாடிகளில் வந்துபோகும் அடிக்குத்தான். நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகை வோல்டேஜில் அது வெந்துவிடும். ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவும் செய்யும். இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்த வில்லை வெந்துபோன பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அது வேறெதையும் எனக்குச் சொன்னதே இல்லை.

மற்ற இரண்டு வில்லைகள் புதிதுபோல இருந்தன. அவை எர்த்தோடு இணைந்தவை. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, ஃபேஸிலும் எர்த்திலும் வைத்துப் பார்த்தார். எர்த் சரியாக இருந்தால் பளிச்சென்று எரிய வேண்டும்; பல்பின் இழை சிவந்ததே தவிர எரியவில்லை. (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய வீட்டில் இந்தச் சோதனை செய்தால் மொத்த வீடும் இருட்டாகிவிடும். தெரியாதவர்கள் கையே வைக்கக் கூடாது.) பின்பக்கம் எர்த் குழியைத் தோண்டினோம். ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி துருவாக உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

"தம்பி, எர்த் இல்லாமலா இத்தனை வருடம் ஓட்டினீர்கள்?" என்றார்.

ஆக, ஐந்தாண்டுப் பாதுகாப்பில் பாதி வெறும் பிளாஸ்டிக். சேதம் வராமல் போனதற்கு, இடி வேறு தோட்டங்களில் விழுந்தது மட்டுமே காரணம். புதிதாகக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அமைத்தோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்றுகிறேன்.

அடுத்ததாக 2018-இல், வீட்டுக்கு வரும் மின்சாரம் பிரியும் டி.பி. பாக்ஸில், மின்னல் அடியை அங்கேயே எர்த்துக்குத் திருப்பிவிடும் எஸ்.பி.டி. வைத்தோம். டைப் 2 வகை, 40 கிலோ ஆம்பியர் வரை தாங்குவது. என் கணக்கில், செலவழித்த காசில் உருப்படியானது இதுதான். அண்ணன் கம்பிகளை அழகாக வளைத்துச் சுருட்டி மாட்டியிருந்தார். நான்தான் கழற்றிக் குட்டையாக வெட்டச் சொன்னேன். இணைப்புக் கம்பி மொத்தமே அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்னல் வேகத்தில் பாயும்போது ஒரு மீட்டர் கம்பியிலேயே ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூடிவிடும். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியின் அழகு போய்விட்டது என்று இன்றும் குறைப்படுகிறார். நியூட்ரல் அறுந்தால் எஸ்.பி.டி. உதவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்காக மிகை வோல்டேஜில் துண்டிக்கும் ரிலே ஒன்றைத் தனியாகப் போட்டேன். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதன் ரிலே அசைய மில்லி விநாடிகள் ஆகும். அதற்குள் மின்னல் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

2020-இல் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வெளியிலிருந்து வந்த பழைய எதிரியின் பாதை அடைபட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ரௌட்டரிலிருந்து மாடியில் இருக்கும் தம்பியின் கணினிக்கு, வெளிச்சுவரோடு இருபத்தைந்து மீட்டர் லேன் கேபிள் இழுத்ததும் நானேதான். 2022 சித்திரையில் எங்கோ அருகில் ஓர் இடி. எஸ்.பி.டி.யின் ஜன்னல் (நலமாக இருந்தால் பச்சை, வெந்தால் சிவப்பு காட்டும்) பச்சையாகவே இருந்தது. யு.பி.எஸ். முனகக்கூட இல்லை. மாடிக் கணினியின் மதர்போர்டும் ரௌட்டரின் ஒரு லேன் துவாரமும் போய்விட்டன. நீளமான கம்பி எதையும் தொடாமலே மின்னலைப் பிடிக்கும். அருகில் பாயும் மின்னலின் காந்தப்புலம் அதில் மின்சாரத்தைத் தூண்டிவிடும். மின் இணைப்பில் ஆயிரமாயிரமாகக் கொட்டிவிட்டு, இருநூறு ரூபாய்க் கேபிளில் ஏமாந்தேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மாடிக்கு இப்போது வைஃபைதான். வேகம் குறைவு என்று புலம்புகிறான், புலம்பட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மலைப்பக்கம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குகிறேன். வீட்டின் மேலேயே இடி இறங்கினால் நான் வாங்கிய எதுவும் நிற்காது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, அருகில் மின்னல் அடிப்பதைக் கைப்பேசியில் காட்டுகிறது. மதியம் ஒரு முறை பார்த்துவிடுவேன். இல்லையென்றால் எண்ணுவேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அதற்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டும் என்று பொருள். தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கில் கை வைப்பதில்லை. கணினி போனால் வேறு வாங்கலாம். வேலைக் கோப்புகளின் நகல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில், எதிலும் செருகாமல், பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு முறையும் ஹார்ட் டிஸ்க் பிழைத்தது அதிர்ஷ்டம். மூன்றாவது முறைக்கு அதை நம்ப நான் தயாரில்லை.

2024 ஐப்பசியில் எஸ்.பி.டி.யின் ஜன்னல் முதல் முறையாகச் சிவந்தது. எந்த இடி என்று தெரியவில்லை. வீட்டில் எதுவும் பழுதாகவில்லை. உள்ளே இருக்கும் கார்ட்ரிஜை மட்டும் உருவி மாற்றினால் போதும். ஆனால் ஒரு கம்பெனியின் கார்ட்ரிஜ் இன்னொன்றின் அடித்தளத்தில் உட்காராது. என்னுடையது நாகர்கோவில் கடைகளில் கிடைக்காமல், திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் கணினி பகல் இரண்டு மணிக்கே பிளக்கிலிருந்து இறங்கியது. இப்போது எஸ்.பி.டி. வாங்குபவர்களிடம், கூடவே ஒரு கார்ட்ரிஜும் வாங்கி வைக்கச் சொல்கிறேன். என்னுடைய உபரி, டி.பி. பாக்ஸின் மேலேயே, அம்மாவின் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.